அந்தக் கதிரையில் யாரை இருத்துவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம் பார்த்து அபிராமி ரெலிபோன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற மாகாண அலுவலகத்தில், நான் இருந்த அதே பகுதியில், இப்போது வேலை பார்க்கிற பிள்ளை. இங்கேயே பிறந்தவள். தமிழில் தொடங்குவாள், பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவுவாள், பிறகு என் நினைவு வந்து திரும்பி வருவாள்.

“அங்கிள், ஸொறி, நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? ஒரு சின்னப் ப்ரொப்ளம். புது ரூல்ஸ் மேசைக்கு எங்கட ஆக்கள் ரெண்டு பேரை நொமினேற் பண்ணியிருக்கினம். ஆனா ரெண்டு பேருக்கும் சப்போட் பண்ணினது ஸேம் ஆக்கள். கொம்பியூட்டர் டூப்ளிகேற் எண்டு ரெண்டையும் தூக்கி எறிஞ்சுபோட்டுது. வை வுட் தே டூ தற்?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அவை தேத்தண்ணி குடுத்திருப்பினம், பிள்ளை,” என்றேன்.

“வட்?”

“உதை ரெலிபோனில சொல்லேலாது. எழுதித்தாறன்.”

எழுதித் தருகிறேன் என்று வாய்விட்டது என் பிழை. எழுத உட்கார்ந்தால் என் பழைய மேலதிகாரி மோறீன் நினைவில் வந்து எதிரே இருந்துகொண்டு எழும்பமாட்டேன் என்கிறார். ஆகவே கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள், அபிராமி.

வெளியாட்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி, பல்கலைக்கழகம், மாணவர் கடன் இவை பற்றிய விதிகளை அரசு மாற்ற நினைத்தால், அந்த விதியால் அடிபடப்போகிற தரப்புகளை முதலே ஒரு மேசைக்குக் கூப்பிட்டு, பேசிப் பேசி ஒரு வரைவு எழுத வைப்பது எங்கள் பகுதியின் வழக்கம். மேசையில் இருக்கிற எல்லாரும் சம்மதித்தால் அந்த வரைவுதான் விதியாக வெளியே போகும். ஒருவர் மாட்டேன் என்றாலும் பேச்சு முறிந்தது. பிறகு அலுவலகம் தன் விருப்பத்துக்கு எழுதும். அப்படியென்றால் மேசையில் யார் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அந்த ஆட்களைத் தெரிவுசெய்வதுதான் எங்கள் பொறுப்பு.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். ரொறன்ரோவுக்கு வந்து எல்லாரையும் போலக் கோப்பை கழுவினேன். பிறகு அரசு அலுவலகமொன்றில் கடிதம் பிரிக்கிற வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மோறீனின் பகுதிக்கு உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் மோறீன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஒரே அறையில் இருக்க விரும்பாத இரண்டு பேரை எப்போதாவது ஒரே அறையில் இருத்தியிருக்கிறீர்களா?” கச்சேரியில் காணிப் பிணக்குக்காரர்களை ஒரே வாங்குப் பலகையில் இருத்தி வைத்த கதையைச் சொன்னேன். வேலை கிடைத்தது.

மோறீன் அட்லாண்டிக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். வாட்டசாட்டமான மனுசி. மத்தியானம் அவித்த முட்டை ஒன்றை மேசை விளிம்பில் தட்டி உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே கோப்பு வாசிப்பார். கோப்புகளில் முட்டைக்கோது ஒட்டியிருக்கும்; அமைச்சருக்குப் போகிற கோப்பென்றால் நான்தான் தட்டிவிட வேண்டும். சிவநாதன் என்ற என் பெயரில் பாதியை எடுத்து, அதையும் நேதன் ஆக்கிவிட்டார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் “நல்லது, இனிப் பார்ப்போம்” என்பார். அதைக் கேட்டால் நாங்கள் எல்லாரும் அவரவர் மேசைக்கு நழுவிவிடுவோம்.

அவருடைய வேலைமுறை ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. விண்ணப்பம் கோருவதற்கு முதல், வெறும் கூட்ட அறையில் மேசையைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரப்பின் பெயர் அட்டையை வைப்பார். பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், மாணவர் சங்கம், கடன் கொடுக்கிற வங்கிகள், தனியார் தொழிற்பள்ளிகள், ஆசிரியர்கள், எங்கள் அலுவலகம். பிறகு எங்களை ஒவ்வொரு கதிரையிலும் மாறி மாறி இருத்தி, அந்தக் கதிரை சொல்லக்கூடிய மிகக் கசப்பான சொல்லை உரக்கச் சொல்ல வைப்பார். இரண்டு கதிரைகள் ஒரே சொல்லைச் சொன்னால் ஒன்றைத் தூக்கிச் சுவரோடு போடுவார். யாருமே சொல்லாத ஒன்று மிஞ்சினால் இன்னொரு கதிரையை இழுத்து வருவார். முதல் தடவை எனக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. கச்சேரியில் இப்படி யாராவது செய்திருந்தால் மந்திகை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

மாணவர் உதவிப்பண விதிகளை மாற்றுகிற மேசை வந்தபோது என்னை மாணவர் சங்கக் கதிரையில் இருத்தினார். கட்டணம் கூடுகிறது, கடன் கூடுகிறது என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“வேறு?”

எனக்கு எங்கள் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்த பெடியள் நினைவுக்கு வந்தார்கள். அகதி என்று கனடா ஏற்றுக்கொண்ட பிள்ளைகள். ஆனால் கடவுச்சீட்டை வழியிலேயே, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரன் பறித்துவிட்டான். கடவுச்சீட்டு இல்லாதபடியால் நிரந்தர வதிவிடப் பத்திரம், எங்கள் வாயில் ‘லாண்டிங்’, வருடக்கணக்கில் வரவில்லை. லாண்டிங் இல்லாதபடியால் மாணவர் கடன் இல்லை. பகலில் படித்து இரவில் தொழிற்சாலையில் நின்று, கடைசியில் படிப்பை விட்டவர்கள்தான் அதிகம்.

“இந்தக் கதிரை அதைச் சொல்லாது, மோறீன்,” என்றேன். “மாணவர் சங்கத்துக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியாது.”

சுவரோடு கிடந்த கதிரையொன்றை அவரே இழுத்துவந்து போட்டார். “அப்படியானால் இதில் இருந்து சொல்லுங்கள், நேதன்.”

இருந்து சொன்னேன். அட்டையில் ‘பத்திரத்துக்குக் காத்திருக்கும் மாணவர்’ என்று மோறீன் எழுதினார். அப்படித்தான் அந்தக் கதிரை வந்தது.

கதிரை வந்துவிட்டது, ஆள் வேண்டுமே. விளம்பரம் போட்டோம். விண்ணப்பிப்பவர் யாருக்காகப் பேசுகிறார், பேசியதை அவர்களிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வார், எந்தெந்த அமைப்புகள் அவரை ஆதரித்துக் கையெழுத்திடுகின்றன என்று எழுத வேண்டும். சோமாலியர், ஈரானியர் அமைப்புகளுக்கும் அறிவித்தோம். அவர்கள் வேறு அலுவல்களில் மூழ்கியிருந்தார்கள், இந்தமுறை தமிழர்களே இருக்கட்டும், எங்களுக்கும் சேர்த்துப் பேசட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களிடமிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வந்தன.

ஒருவர் கனகரத்தினம் மாஸ்டர். ஊரில் கணிதம் படிப்பித்தவர். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், மில்லிக்கன் பகுதியில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தினார். பழைய மாணவர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மற்றவர் அருளப்பு அண்ணை. தீவுப்பகுதி ஆள், கத்தோலிக்கர், தேவாலயத்தோடு சேர்ந்த உதவிச் சங்கத்தை நடத்தினார். அவருடைய பழைய வான் வண்டியில் ஏறாத கட்டில், மெத்தை ஸ்காபரோவில் இல்லை. இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஒரே சனிக்கிழமைக்கு ஒரே மண்டபத்தை இருவரும் கேட்டு, சண்டை பிடித்து, கடைசியில் மண்டபத்தை யாரோ போர்த்துக்கேயர் கலியாணத்துக்குக் கொடுத்ததில் வந்த மனத்தாங்கல்.

எங்கள் முறைப்படி, தெரிந்தவர் விண்ணப்பித்தால் முதலே சொல்லிவிட வேண்டும். எனக்கு இருவரையும் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் என் தம்பிக்குப் படிப்பித்தவர், அருளப்பு அண்ணை நான் வீடு மாறும்போது சாமான் ஏற்றியவர். மோறீன் வாசித்துவிட்டு, “உங்கள் ஆட்களில் உங்களுக்குத் தெரியாதவர் யாராவது உண்டா?” என்று கேட்டார். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி, வாக்குப் போட அனுமதியில்லை என்று முடிவானது.

இனித்தான் அபிராமியின் தலையிடி. விண்ணப்பங்களைப் பிரித்த எங்கள் சட்டத்தரணி, சுறுசுறுப்பான இளம் ஆள், ஓடிவந்தார். மாஸ்டரை ஆதரித்துக் கையெழுத்திட்ட அதே அமைப்புகள், அதே ஆட்கள், அருளப்பு அண்ணைக்கும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். “ஒரு கதிரைக்கு இரண்டு பேரை எப்படி ஆதரிக்க முடியும்? ஒன்றில் மோசடி, இல்லாவிட்டால் விளையாட்டு. இரண்டையும் நிராகரிப்போம். அந்தப் பிள்ளைகளுக்காக மாணவர் சங்கமே பேசட்டும்.”

மாணவர் சங்கம் பேசாது என்றுதானே அந்தக் கதிரையே வந்தது. அது போனால் நிலவறைப் பெடியளின் கதை அந்த மேசையில் ஒரு வார்த்தையும் ஏறாது.

“மோசடி ஒன்றும் இல்லை,” என்றேன். “மாஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போயிருப்பார். போனவருக்குத் தேத்தண்ணி கொடுத்திருப்பார்கள். வீடு தேடி வந்த மனுசனிடம், அதுவும் படிப்பித்த மனுசனிடம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையெழுத்திட்டார்கள். அடுத்த கிழமை அருளப்பு அண்ணை போயிருப்பார். அவருக்கும் தேத்தண்ணி. அவருக்கும் கையெழுத்து.”

சட்டத்தரணி முகத்தைச் சுளித்தார். “அப்படியானால் உங்கள் ஆட்களின் கையெழுத்துக்குப் பெறுமதியே இல்லையா?”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “பெறுமதி இருக்கிறது, ஐயா. இவர் என் வீட்டுக்கு வரலாம், போகலாம் என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு அப்படி எத்தனை பேர் வருவார்கள்?”

வாய் கொழுத்துவிட்டது, வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். மோறீன் முட்டையை உரித்து முடித்தார். “நல்லது, இனிப் பார்ப்போம்,” என்றார். ஆனால் அந்தமுறை அதை எனக்கல்ல, சட்டத்தரணிக்குச் சொன்னார். “இந்த மனிதர்களை உங்களுக்குப் பிடிக்குமா என்றுதான் கையெழுத்திட்டவர்களிடம் நாங்கள் கேட்டிருக்கிறோம். பிடிக்கும் என்று அவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விதான் பிழை. விண்ணப்பதாரரிடமே கேட்போம்.”

எந்த மேசைக்கு ஆள் எடுத்தாலும் மோறீன் தானே ரெலிபோனில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பல்கலைக்கழகத் துணைவேந்தரிடமும் கேட்பார், வங்கிக்காரரிடமும் கேட்பார். “மேசையில் நீங்கள் கேட்டதில் பாதிதான் கிடைக்கிறது, நீங்களும் சம்மதித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் ஆட்களில் யார் உங்களோடு கோபிப்பார்? அதன் பிறகு நீங்கள் ரெலிபோன் எடுத்தால் அவர் எடுப்பாரா?”

மாஸ்டருக்குப் போட்டோம். ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அழகான பழைய ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அந்தக் கேள்வியோடு தமிழுக்கு வந்துவிட்டார். “தம்பி நாதன், இவ என்ன கேக்கிறா? என்னோட ஆர் கோவிக்கிறது? ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.”

அருளப்பு அண்ணை வேறு மாதிரி. “எல்லாரும்தான் கோவிப்பினம். அதுக்கென்ன? நான் போனைக் கழட்டி வைச்சிட்டுப் படுத்திடுவன்.”

நான் மொழிபெயர்த்தேன். மோறீன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு இருவரிடமும் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்பதால் அதுவும் வழக்கமான கேள்விதான். உங்களால் ஒருநாள் வர முடியாவிட்டால், உங்களுடைய கதிரையில் யாரை இருத்துவீர்கள்?

மாஸ்டர் யோசிக்கவேயில்லை. “ஜெனிற்றா. எங்கட சனிக்கிழமை வகுப்பில இங்கிலிஷ் படிப்பிக்கிற பிள்ளை. அருளப்புவின்ர கோயில்தான், எண்டாலும் நல்ல பிள்ளை.”

அருளப்பு அண்ணை கொஞ்சம் யோசித்தார். “ஜெனிற்றா எண்டு ஒரு பிள்ளை இருக்கிறாள். எங்கட சங்கத்துக் கடிதமெல்லாம் அவள்தான் எழுதிறவள். மாஸ்டரோட வகுப்புக்கெண்டு திரியிறாள்தான். எண்டாலும் அவளை நம்பலாம்.”

மோறீன் ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நேதன், இந்த ஜெனிற்றா எங்கே இருக்கிறாள்?”

இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் இருக்கிறாள். சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள், முதியோர் இல்லமொன்றில் பொறுப்பான வேலை. இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்கோ அண்ணை, ஆனா நான் அழுததை எழுதாதேங்கோ,” என்றாள். மன்னிக்க வேண்டும், தங்கச்சி.

அப்போது அவள் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு டோனற் கடையில் வேலை செய்தாள். மன்னாரிலிருந்து தனியாக வந்தவள். நிலவறைப் பெடியளின் அதே கதை: அகதி என்று ஏற்றாயிற்று, கடவுச்சீட்டு இல்லை, லாண்டிங் வரவில்லை. கல்லூரியில் தாதியர் படிப்பைத் தொடங்கிவிட்டு, கட்டணத்துக்காகக் கடையில் நின்றாள். மோறீனும் நானும் போய்க் கோப்பி வாங்கி, அவளுக்கு இடைவேளை கிடைக்கும்வரை இருந்தோம். அவள் ஏப்ரனோடு வந்து எதிரே இருந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

“அண்ணை, என்னை விட்டிடுங்கோ,” என்று தமிழில் என்னிடம் சொன்னாள். “என்ர பேப்பர் அவங்கட கையில கிடக்குது. அரசாங்கத்துக்கு முன்னால போய் வாயைத் திறந்தா, ஆரோ ஒருத்தன் அதைத் தூக்கி அடியில வைச்சிடுவான்.”

ஒன்றும் ஆகாது, பயப்படாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மோறீன் முந்திக்கொண்டார். “சட்டப்படி அப்படி நடக்கக் கூடாது. ஆனால் அது மத்திய அரசின் வேறு அலுவலகம். எனக்கு அங்கே கை இல்லை. நான் உனக்கு எந்த வாக்குறுதியும் தர முடியாது.”

ஜெனிற்றா அவரை உற்றுப் பார்த்தாள். இந்த நாட்டில் ஒரு அதிகாரி தன்னால் ஏலாது என்று நேரே சொன்னதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டாளாம். பிறகு மோறீன் தன் கேள்வியைக் கேட்டார். யார் உன்னோடு கோபிப்பார்?

“புஷ்பமக்கா,” என்றாள் உடனே. “உந்த மூலைக் கட்டிடத்தில இருக்கிறா. மகன் கொலிஜில ரெண்டாம் வருசம். அவவும் ஃபக்டரி, மகனும் ஃபக்டரி. பாதிதான் கிடைச்சதெண்டா அவ என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவா.”

“நீ ரெலிபோன் எடுத்தால் எடுப்பாரா?”

ஜெனிற்றா மேசையில் சிந்திக் கிடந்த சீனியை விரலால் ஒதுக்கினாள். “தெரியாது,” என்றாள்.

காரில் ஏறியதும் மோறீன், “அந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொன்னவள் இவள் ஒருத்திதான்,” என்றார்.

மறுநாள் ஜெனிற்றா சம்மதம் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை: மாஸ்டரும் அருளப்பு அண்ணையும் இரண்டு பேருமே தனக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதை அவர்களிடம் கொண்டுபோகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜெனிற்றாவுக்காக விலகுவீர்களா என்று கேட்டால், “அருளப்பு விட்டால் நானும் விடுறன்” என்கிறார் மாஸ்டர். “மாஸ்டர் முதல்ல விடட்டும்” என்கிறார் அருளப்பு அண்ணை. கடைசியில் ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இருத்தி எழுதி வாங்கினேன். மாற்று ஆள் பதவி ஒரு கூட்டத்துக்கு ஒருவர், அடுத்ததற்கு மற்றவர்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அருளப்பு அண்ணையின் வான் ஸ்காபரோவிலிருந்து நகரத்துக்கு வந்து போனது. முன் இருக்கையில் மாஸ்டர், பின்னால் ஜெனிற்றா. முதல் நாட்களில் மாஸ்டர் ஜெனிற்றாவிடம், “பிள்ளை, அடுத்த எக்ஸிற்றில இறங்கவேணும் எண்டு சொல்லு,” என்பாராம். அருளப்பு அண்ணை, “எனக்குத் தெரியும் எண்டு சொல்லு,” என்பாராம். பனி கொட்டிய ஒருநாள் வான் வழுக்கி ஓரத்துக்குப் போக, மாஸ்டர் “அருளப்பு, பிறேக்கை அமத்தாதை!” என்று கத்தியிருக்கிறார். அன்றோடு விரதம் கலைந்தது. பிறகு அவர்கள் வாயை மூடவைக்கிறதுதான் கஷ்டம் என்று ஜெனிற்றா சொன்னாள்.

மேசையில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். எங்கள் பிள்ளைகள் இரவில் என்ன வேலை செய்கிறார்கள், வகுப்பில் எந்த இடத்தில் நித்திரையாகிறார்கள் என்று சொன்னாள். வங்கிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் கண்டேன். ஆனால் அது அரசு எல்லாச் செலவையும் வெட்டிக்கொண்டிருந்த காலம். கடைசிக் கூட்டத்தில் வந்த வரைவு இப்படி: அகதியென்று ஏற்கப்பட்டவர்கள் லாண்டிங் வரும்வரை காத்திராமல் உதவிப்பணம் பெறலாம்; ஆனால் இனிப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை. இதற்கு மேல் ஒரு அங்குலமும் நகர முடியாது என்றது எங்கள் அலுவலகத்தின் கதிரை. அதில் இருந்தவர் மேலிடத்து ஆள். மோறீனுக்குக் கூட்டத்தை நடத்துகிற வேலை மட்டும்தான்.

அந்த வரைவில் புஷ்பமக்காவின் மகன் இல்லை. ஜெனிற்றாவும் இல்லை. அவள் மாட்டேன் என்றால் மேசை முறியும், பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஓம் என்றால் தன் கையாலேயே தன்னை வெளியே தள்ள வேண்டும்.

அவள் இடைவேளை கேட்டாள். இடைவேளையில் பிரதிநிதிகளின் பக்கம் எங்கள் அலுவலக ஆட்கள் யாரும் போகக் கூடாது என்பது மோறீனின் கண்டிப்பான விதி. நான் கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நடையில் இருந்த பொது ரெலிபோனில் அவள் ஒரு எண்ணை அழுத்துவதும், காத்து நிற்பதும், வைப்பதும், திரும்ப அழுத்துவதும் தெரிந்தது. யாரும் எடுக்கவில்லை. மாஸ்டரும் அருளப்பு அண்ணையும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் ரெலிபோனை வைத்துவிட்டு, அருளப்பு அண்ணையின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மாஸ்டர் தன் லேஞ்சியை எடுத்து நீட்டினார்.

எங்கள் மேசையில் வாக்கெடுப்பு கட்டைவிரலால். மேலே காட்டினால் விருப்பம். கீழே காட்டினால் மாட்டேன். பக்கவாட்டில் காட்டினால், எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். மோறீன் ஒவ்வொரு கதிரையாகக் கேட்டுவந்தார். ஜெனிற்றாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டிக் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்தாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மோறீன் எழுதி முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

பேசியதை உன் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. வெக்ஸ்போர்ட் தேவாலய மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூட்டம். மோறீன் தானும் வருவேன் என்றார். பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். “இதைக் குடித்தால் நான் எதில் கையெழுத்திட வேண்டும், நேதன்?” என்று காதில் கேட்டார்.

ஜெனிற்றா மேடையில் ஏறவில்லை. கீழே நின்றே சொன்னாள். “இனிச் சேருற பிள்ளையளுக்குக் கிடைக்கும். இப்ப படிக்கிற எங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். நான்தான் ஓம் எண்டனான்.”

மண்டபம் குமுறியது. “ஆரைக் கேட்டு ஓம் எண்டனி?” என்று ஒரு குரல் எல்லாவற்றையும் மேவி வந்தது. எழும்பி நின்றவர் புஷ்பமக்கா என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. தொழிற்சாலைச் சட்டையோடு நேரே வேலையால் வந்திருந்தார். “என்ர பிள்ளை ரா ராவா நிண்டு முறியிறான். அவன்ர தலையில மண்ணைப் போட உன்னை ஆர் அங்க இருத்தினது?”

முன்வரிசையில் மாஸ்டர் எழும்பினார். “நான்தான் இருத்தினனான். அவள் சொன்னது நான் சொன்னது.”

அருளப்பு அண்ணையும் எழும்பினார். “நானும்தான். கோவமெண்டா எனக்கும் சேர்த்துப் பேசு, புஷ்பம். நான் இந்தமுறை போனைக் கழட்டி வைக்கமாட்டன்.”

ஆளையாள் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. இரண்டு பேரும் தங்கள் வாயாலேயே அவள் பெயரைச் சொன்னவர்கள். இனி எங்கே விட்டுவிட்டுப் போவது? இரைச்சல் மெல்ல அடங்கியது. கேள்விகள் வந்தன. ஜெனிற்றா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அந்த வருடம் கல்லூரியில் சேர இருந்த ஒரு பிள்ளையின் தகப்பன் எழும்பி அவளைக் கும்பிட்டுவிட்டு இருந்தார்.

கூட்டம் கலைந்தபோது புஷ்பமக்கா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜெனிற்றாவை நோக்கி நடந்தார். மோறீன் எழும்பிவிட்டார். நானும் எழும்பினேன்.

“அண்டைக்கு நீ அடிக்கேக்க நான் ஷிஃப்டில நிண்டனான்,” என்றார் புஷ்பமக்கா. “வீட்ட நிண்டு எடுத்திருந்தா மாட்டன் எண்டு சொல்லு எண்டுதான் சொல்லியிருப்பன்.”

“தெரியும் அக்கா,” என்றாள் ஜெனிற்றா. “தெரிஞ்சுதான் அடிச்சனான்.”

புஷ்பமக்கா கைப்பையை மற்ற அக்குளுக்கு மாற்றினார். “எனக்குக் கோவம் ஆறாது, சொல்லிப்போட்டன். நாளைக்கு அஞ்சு மணிக்குப் பிறகு வீட்டதான் நிப்பன். எடு.” சொல்லிவிட்டு விறுக்கென்று வெளியே போனார்.

“என்ன சொன்னார்?” மோறீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நேதன், என்ன சொன்னார்?”

“கோபம் ஆறவில்லையாம்,” என்றேன். “நாளைக்கு ரெலிபோன் எடுக்கட்டாம்.”

மோறீன் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மாஸ்டரோடும் அருளப்பு அண்ணையோடும் சேர்ந்து மண்டபத்துக் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்.